ஓர் உழவு மழை

வானிலை நிலையம் மழையை மில்லிமீட்டரில் சொல்லும். மானாவாரி விவசாயி அதை உழவில் சொல்வார். ‘நேத்து நமக்கு ஓர் உழவு மழை, மேக்கே ரெண்டு உழவு இருக்கும்’ என்பது தென் மாவட்டக் காடுகரைகளில் பழகிய பேச்சு. ஏர் பூட்டி ஒருமுறை உழுவதற்குப் போதுமான ஆழத்துக்கு மண் நனைந்திருந்தால் அது ஓர் உழவு மழை. மழைமானி வானத்திலிருந்து விழுந்ததை அளக்கிறது. உழவுக்கணக்கு மண்ணுக்குள் போனதை அளக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு. ஓர் ஏக்கரில் 25 மி.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு லட்சம் லிட்டர். பக்கத்துப் பக்கத்து நிலங்கள் இரண்டில் அதே ஒரு லட்சம் லிட்டர் விழுந்து, ஒன்றில் வேர்வரை இறங்கிவிடும், மற்றொன்றில் வரப்பை அறுத்துக்கொண்டு ஓடைக்குப் போய்விடும். இந்த வேறுபாட்டுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணம் மண்ணின் ரகம்: மணல் குடிக்கும், களி குடிக்காது. பள்ளிக்கூடப் பாடமும் அதைத்தான் சொல்கிறது. அது பொய்யில்லை. ஆனால் மழை எங்கே போகும் என்பதைப் பல நேரங்களில் தீர்மானிப்பது மண்ணின் ரகத்தைக் காட்டிலும் அதன் மேல்தோல்தான், அதாவது மேலே இருக்கும் சில மில்லிமீட்டர்தான் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம்.

முதலில் மண் எப்படிக் குடிக்கிறது என்று பார்ப்போம். மண்ணின் பருமனில் ஏறக்குறையப் பாதி வெற்றிடம். அந்த இண்டு இடுக்குகள் வழியே தண்ணீரைக் கீழே கொண்டுபோகும் விசைகள் இரண்டு. ஒன்று புவியீர்ப்பு. மற்றொன்று விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் நுண்துளைகள் நீரை இழுக்கும் விசை. 0.03 மி.மீ. விட்டமுள்ள துளை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கும் வலுவுள்ளது. காய்ந்த மண்ணில் இந்த இழுப்பு மிகப் பலமாக இருப்பதால்தான் கோடையின் முதல் மழை விழுந்த இடம் தெரியாமல் மறைகிறது. தண்ணீர் உள்ளே போக வேண்டுமானால் அங்கே இருக்கும் காற்று வெளியே வர வேண்டும் என்பதும் இதில் அடங்கும். 2015இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் இதைப் படம் பிடித்தார்கள். துளி மண்ணில் பட்டுத் தட்டையானதும் அதன் அடியில் அகப்பட்ட காற்று, சோடாவில் குமிழி எழுவதுபோல் துளியைத் துளைத்துக்கொண்டு மேலேறி நுண்திவலைகளைத் தெறிக்கவிடுகிறது. மண்வாசனை காற்றில் ஏறும் வழிகளில் அதுவும் ஒன்று. ஒருவகையில், மண் மூச்சுவிட்டுக்கொண்டே குடிக்கும் வாடையைத்தான் நாம் முகர்கிறோம்.

இனி துளைகளின் அளவு. குழாயில் ஓடும் நீரின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்து மாறும். ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள மண்புழு வளை ஒன்றின் வாய், 0.1 மி.மீ. துளைகள் நூறின் பரப்புக்குச் சமம். ஆனால் அது கடத்தும் தண்ணீரோ அப்படிப்பட்ட பத்தாயிரம் துளைகள் கடத்துவதற்கு ஈடு. ஆகவே ஒரு மண்ணில் எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது என்பதைவிட அது எப்படிப் பங்கு பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம். மொத்த வெற்றிடத்தில் களிமண் பெரும்பாலும் மணலை மிஞ்சும். இருந்தும் நன்றாக நனைந்த நிலையில் மணலில் நீர் மணிக்கு 30 மி.மீ.க்கு மேலும் இறங்கும், களியில் 1 முதல் 5 மி.மீ.தான் இறங்கும் என்று பாசனக் கையேடுகள் அட்டவணை போடுவது இதனால்தான். அந்த அட்டவணையில் சொல்லாமல் விடப்படுவது ஒன்று உண்டு. களித்துகள்கள் தனித்தனியாக இருக்கின்றனவா, அல்லது வேரும் மட்கும் புழுவும் சேர்ந்து அவற்றைப் புட்டுமாவு போல உருண்டைகளாகத் திரட்டியிருக்கின்றனவா என்பதைப் பொறுத்து அந்த எண்கள் பல மடங்கு மாறும். உருண்டைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி களிமண்ணிலும் மணல்போலத் தண்ணீரை வாங்கும்.

நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த நீரியலாளர் ராபர்ட் ஹார்ட்டன் 1933இல் இந்தத் துறைக்கே அடிப்படையான ஒரு கருத்தை வைத்தார். பெய்யும் மழையை நிலப்பரப்பு ஒரு சல்லடைபோல் இரண்டாகப் பிரிக்கிறது; மண் குடிக்கும் வேகத்துக்குள் பெய்தால் உள்ளே போகும், அதை மீறிப் பெய்தால் மிஞ்சியது ஓடும். அந்தக் குடிக்கும் வேகம் மழை தொடங்கும்போது அதிகமாக இருந்து, கிடுகிடுவென இறங்கி, பிறகு ஒரு நிலையான எண்ணில் நின்றுவிடும். ஏன் இறங்குகிறது? இயற்பியலாளர்களிடம் ஒரு விடை உண்டு. ஈரம் ஆழமாக இறங்க இறங்க, காய்ந்த மண்ணின் இழுவிசை நீண்ட தொலைவுக்குப் பரவி நீர்த்துப்போகிறது. ஆகவே மேற்பரப்பில் எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும் வேகம் குறையத்தான் செய்யும். ஆஸ்திரேலியாவின் கிரீனும் ஆம்ப்ட்டும் 1911இலேயே இதற்குச் சமன்பாடு எழுதிவிட்டார்கள். ஹார்ட்டனுக்கு அந்த விடை போதவில்லை. துளிகள் மண்ணை அறைந்து இறுக்குவது, களி உப்புவது, நுண்துகள்கள் துளைகளில் போய் அடைவது என மேற்பரப்பில் நடப்பவற்றையே அவர் பெரிதாக நினைத்தார். இரண்டு விடைகளும் சரிதான். எது எவ்வளவு என்பதைச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

சோதித்தவர் எஃப். எல். டூலி. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் நிலத்துண்டுகளின் மேல் செயற்கை மழை பொழிவித்து, சிலவற்றை வெறுமையாக விட்டு, சிலவற்றை வைக்கோலால் மூடிப் பார்த்து, 1939இல் முடிவுகளை வெளியிட்டார். வைக்கோல் இருந்த துண்டு தொடர்ந்து குடித்தது. வைக்கோலை எடுத்துவிட்டு அதே மண்ணில் அதே மழையைப் பொழிந்தபோது குடிக்கும் வேகம் சடசடவென விழுந்தது, மேற்பரப்பில் மெல்லிய இறுகிய படலம் ஒன்று உருவாகியிருந்தது. இந்தப் படலத்தின் விளைவு மண்ணின் ரகம், சரிவு, முன்பிருந்த ஈரம் ஆகியவற்றின் விளைவைவிடப் பெரியது என்று அவர் எழுதினார். மண் அதே மண், இழுவிசையின் கணக்கும் அதே கணக்கு. மாறியது மேல்தோல் மட்டும். இயற்பியலாளர்களின் விடை மட்டுமே போதுமென்றால் வைக்கோலால் இவ்வளவு வேறுபாடு வந்திருக்கக் கூடாது.

அந்தப் படலம் எப்படி உண்டாகிறது? 5 மி.மீ. விட்டமுள்ள பெரிய துளி தரையைத் தொடும்போது நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் வருகிறது. ஒரு மில்லிமீட்டர் தூறல் துளியோடு ஒப்பிட்டால் அதன் எடை 125 மடங்கு, அது கொண்டுவரும் ஆற்றல் அறுநூறு மடங்குக்கு மேல். அந்த அடியில் மண் உருண்டை உடைகிறது. உடைந்த நுண்துகள்கள் கலங்கல் நீரோடு உள்ளே வடிந்து, கீழே இருக்கும் துளைகளில் ஆப்பு அடித்ததுபோல் உட்கார்ந்துகொள்கின்றன. ஆஸ்திரேலியாவின் மெக்கின்டையர் 1958இல் இந்தப் பொருக்கை அடுக்கடுக்காக அளந்தார். மேலே வெறும் 0.1 மி.மீ. தடிமனுள்ள ஒரு தோல். அதற்குக் கீழே இரண்டு மில்லிமீட்டர் அளவில் துகள் அடைந்த பகுதி. அடைந்த பகுதி தண்ணீரைக் கடத்தும் திறன் அடிமண்ணைவிட 200 மடங்கு குறைவு, மேல்தோலின் திறன் 2,000 மடங்கு குறைவு. தலைமுடியின் தடிமனே உள்ள ஒரு படலம் அடியில் இருக்கும் ஒரு மீட்டர் மண்ணை மழையிலிருந்து பிரித்து வைத்துவிடுகிறது. நாம் மேலே பார்த்த மண்புழு வளையும் அதன் வாயை இந்தப் பொருக்கு மூடிவிட்டால் செயலற்றுப் போகும். மழை நின்று வெயில் அடித்ததும் ஓடு ஓடாக விரிந்து, ஓரம் சுருண்டு நிற்கும் பொருக்கைப் பார்க்காத விவசாயி இருக்க மாட்டார். முளை வெளியே வராது என்று அதன்மேல் அவர்களுக்குக் கோபம். தண்ணீர் உள்ளே போகாது என்ற கோபமும் அதன்மேல் இருக்க வேண்டும்.

இதில் வேதியியலின் பங்கும் உண்டு, அது கொஞ்சம் விசித்திரமானது. களித்துகள்களின் மேல் எதிர்மின்சுமை இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளும். கரைந்திருக்கும் உப்புகள், குறிப்பாகக் கால்சியம், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கின்றன. கலங்கிய குடத்தில் படிகாரம் போட்டால் துகள்கள் ஒன்றுசேர்ந்து அடியில் படிவதும் இதே வேலைதான். மழைநீரில் உப்பு மிகக் குறைவு. ஆகவே அது படிகாரத்துக்கு நேர் எதிரான காரியத்தைச் செய்கிறது: சேர்ந்திருந்த துகள்களைக் கலைத்துவிடுகிறது. சோடியம் மிகுந்த களர் நிலத்தில் இந்தக் கலைப்பு உச்சத்துக்குப் போகும். அங்கே மழை மறுநாளும் பால்போலக் கலங்கலாகத் தேங்கி நிற்பதைப் பார்க்கலாம். களர் நிலத்துக்கு ஜிப்சம் போடச் சொல்வதன் காரணம் அது கொடுக்கும் கால்சியம்.

மண்ணின் ரகமே எல்லாம் என்பவர்களுக்கு இந்தியாவுக்குள்ளேயே ஒரு புதிர் காத்திருக்கிறது. ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவில் உள்ள இக்ரிசாட் வேளாண் ஆய்வு நிறுவனத்தின் வளாகத்தில் கரிசல், செம்மண் இரண்டும் இருக்கின்றன. நன்றாக நனைந்த நிலையில் வளையம் வைத்து அளந்தால் மணல் கலந்த செம்மண் கரிசலைவிட மிக வேகமாகக் குடிக்கும். ஊறி உப்பிய கரிசலில் நீர் மணிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காது. ஆனால் பயிர் நிலங்களில் மழைக்காலம் முழுக்க ஓடிப்போன தண்ணீரை அளந்தபோது, செம்மண்ணில் வழிந்தோட்டம் கூடுதலாக இருந்தது. காரணம் பொருக்கு. செம்மண்ணின் உருண்டைகள் வலுவற்றவை, நாலு மழையில் கலைந்துவிடும். கரிசலோ காயும்போது சுருங்கித் தானாகவே மேலே பொலபொலவென உதிர்கிறது, கீழே கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. தொடக்க மழைகள் அந்த வெடிப்புகள் வழியே உள்ளே பாய்ந்து, நிலத்தை உள்ளிருந்து நனைக்கின்றன. வெடிப்பு மூடிய பிறகுதான் கரிசல் தன் அட்டவணைக் குணத்தைக் காட்டும். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் ஐப்பசி மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிடும் பழக்கத்துக்கு இந்தக் குணமும் ஒரு காரணம்; ஊறிவிட்ட கரிசலில் ஏரும் இறங்காது, ஆளும் இறங்க முடியாது.

எதிர்த் திசையிலிருந்து வரும் சான்று நெல் வயலில் இருக்கிறது. தாமிரபரணிப் பாசனத்தில் ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வயலில் நடவுக்கு முன் தண்ணீர் கட்டித் தொளி உழுகிறார்களே, அது வேறென்ன? மண் உருண்டைகளை வேண்டுமென்றே உடைத்து, துகளைக் குழம்பாக்கி, துளைகளை அடைத்து, தண்ணீர் கீழே போகாதபடி செய்யும் வேலை. தொளி கலக்குவதற்கு முன்னும் பின்னும் மண்ணின் ரகம் மாறுவதில்லை, தண்ணீர் இறங்கும் வேகம் மட்டும் பெரிதும் விழுகிறது. நெல்லுக்கு நாம் திட்டமிட்டுச் செய்வதை, வைக்கோல், சருகு போன்ற மூடாக்கு இல்லாத மானாவாரி நிலத்துக்கு மழைத்துளி தன் போக்கில் செய்துவிடுகிறது.

‘அப்படியானால் உழுதால் போதுமே’ என்று ஒருவர் கேட்கலாம். கோடை உழவைப் புகழும் பழமொழிகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. உழவு பொருக்கை உடைக்கிறது, மேடுபள்ளம் உண்டாக்கி நீரைத் தேக்குகிறது, அடுத்த ஓரிரு மழைகளை உள்ளே வாங்கித் தருகிறது, இதில் சந்தேகமில்லை. ஆனால் உழுத மண் திறந்த மண். ஓரிரு பெருமழைக்குப் பின் அது முன்பைவிடக் கெட்டியான பொருக்காகக் கட்டிக்கொள்ளும். டிராக்டர் ஒரே ஆழத்தில் வருடக்கணக்கில் ஓடினால் கீழே இன்னொரு தட்டு இறுகி, உளிக்கலப்பை போட்டு உடைக்க வேண்டிய நிலை வரும். ஆகவே உழவு ஒரு கடன், மூடாக்கு ஒரு சேமிப்பு என்பது என் கணிப்பு. மரம் நட்டால் தீர்ந்தது என்று நினைப்பதிலும் இதே பிழை இருக்கிறது. ஏழெட்டு மீட்டர் உயரக் கிளையிலிருந்து சொட்டும் துளி, பெரிய இலையில் திரண்டு, மழைத்துளியைவிடப் பருத்து, அதே அளவு வேகத்தோடு விழும். தேக்குத் தோப்பில் சருகைக் கூட்டிச் சுத்தமாக வைத்தால் நிலம் வெட்டவெளியைவிட மோசமாக அடிபடக்கூடும். காப்பாற்றுவது தலைக்கு மேலுள்ள இலையைவிடத் தரையில் கிடக்கும் சருகுதான். தட்டையும் சருகும் மாட்டுக்கும் அடுப்புக்கும் போய்விடுகிறதே, நிலத்துக்கு எது மிச்சம் என்பது இதைவிடக் கடினமான கேள்வி. அதற்கு எளிதான விடை இல்லை. புர்கினா ஃபாசோவில் யாக்கூபா சவடோகோ என்ற விவசாயி, கல்லாக இறுகிப்போன நிலத்தில் கோடையிலேயே சிறு குழிகள் வெட்டிக் குழிக்கொரு பிடி எருவைப் போட்டார். அந்த எருவைத் தேடி வந்த கரையான்கள் குழிக்கு அடியில் வளை தோண்டின. மழை அந்த வளைகள் வழியே இறங்கியது. நிலம் முழுவதையும் மூட முடியாதவர்களுக்கு, அங்கங்கே மட்டும் பொருக்கைத் துளைப்பது ஒரு வழி என்பதற்கு அது சான்று.

பெருமழைக்கு இந்தக் கணக்கெல்லாம் எடுபடுமா? எடுபடாது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டுச் சராசரியைவிடக் கூடுதல். ஒரு கன மீட்டர் மண்ணில் 45 விழுக்காடு வெற்றிடம் என்று தாராளமாகவே வைப்போம். அது எலும்பாகக் காய்ந்திருந்தாலும் ஒரு மீட்டர் ஆழத்தில் 45 செ.மீ. தண்ணீர்தான் கொள்ளும். 95 செ.மீ.க்கு இரண்டு மீட்டருக்கு மேல் முற்றிலும் காய்ந்த மண் வேண்டும். வடகிழக்குப் பருவமழையின் மூன்றாம் மாதத்தில், கடலோரத்தில், அப்படிப்பட்ட மண் எங்கே இருக்கும்? அருகிலுள்ள தேரியின் செம்மணல் எவ்வளவு வேகமாகக் குடித்தாலும், அடியில் நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் பாத்திரம் நிறைந்த கதைதான். இத்தகைய வழிந்தோட்டத்தை டன்னும் பிளாக்கும் 1970இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மலைச்சரிவில் அளந்து காட்டினார்கள். அங்கே மண் கீழிருந்து நிரம்பித்தான் வழிந்தது. மேல்தோல் பற்றிய வாதம் கதவைப் பற்றியது. அறை நிறைந்த பின் கதவைத் திறந்து பயனில்லை. ஆனால் மானாவாரியின் தலையெழுத்தை எழுதுவது 95 செ.மீ. மழைகள் அல்ல. ஆடியிலும் ஆவணியிலும் சடசடவென அரை மணி நேரம் அடித்துவிட்டுப் போகும் 20, 30 மி.மீ. மழைகளில் அறை காலியாகவே இருக்கிறது, கதவுதான் அடைத்துக்கொள்கிறது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது: மண்ணுக்குள் போனதெல்லாம் கிணற்றுக்குப் போகுமா? போகாது. தமிழ்நாட்டின் முக்கால் பங்குக்கு அடியில் கடினப்பாறை. அத்தகைய பகுதிகளில் மழையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான் நிலத்தடி நீராகச் சேரும் என்று அரசுக் கணக்கீட்டு நெறிமுறையே வைத்திருக்கிறது. மீதியில் பெரும்பகுதியைப் பயிரும் மரமும் குடித்து ஆவியாக்கிவிடும். அடர்ந்த மரக்கூட்டம் மண்ணைத் திறந்துவைக்கும், கூடவே உள்ளே வந்ததையும் உறிஞ்சிக்கொள்ளும். புர்கினா ஃபாசோவில் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வு, மரமே இல்லாத நிலத்தைவிடவும் அடர்ந்த தோப்பைவிடவும், அங்கங்கே மரம் நிற்கும் நிலத்தில்தான் நிலத்தடிக்கு அதிக நீர் சேர்ந்ததைக் கண்டது. கண்மாய்ப் பாசனக்காரரின் ஆட்சேபமும் இதே வகையைச் சேர்ந்தது. மேட்டு நிலம் எல்லாவற்றையும் குடித்துவிட்டால் கண்மாய்க்கு வரத்து ஏது? இது வெறும் பயமில்லை. ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் மேலே வரப்பும் தடுப்பணையும் பெருகிய இடங்களில் கீழே இருந்த ஏரிகளுக்கு வரத்துக் குறைந்ததை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. ஆக, ஊடுருவலைக் கூட்டுவது தண்ணீரை உற்பத்தி செய்வதில்லை. ஒருவர் பங்கை இன்னொருவருக்கு மாற்றுகிறது. ஆனால் எந்தப் பங்கு மாறுகிறது என்று பார்க்க வேண்டும். பொருக்கு கட்டிய நிலத்திலிருந்து ஓடிவருவது தெளிந்த நீரில்லை, மேல்மண்ணைக் கரைத்த கலங்கல். அது கண்மாயில் வண்டலாகப் படிந்து கொள்ளளவைக் குறைக்கும். கசிவுநீர்க் குட்டையின் தரையில் நுண்துகள் படிந்து, வயலில் நடந்ததையே பெரிய அளவில் திரும்பச் செய்து, கசிவை அடைத்துவிடும். மேலே சில மில்லிமீட்டர் மூடிக்கொண்டால் அதன் விலையைக் கீழே இருப்பவரும் கொடுக்கிறார்.

இந்த மேல்தோலைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. 15 செ.மீ. விட்டமுள்ள பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றைப் பலகை வைத்துத் தட்டி ஐந்து சென்டிமீட்டர் மண்ணில் இறக்க வேண்டும். அதற்குள் 440 மில்லி தண்ணீர் ஊற்றினால் 25 மி.மீ. மழைக்குச் சமம். அது வடிந்ததும் இன்னொரு முறை ஊற்றி, இந்த இரண்டாம் முறைக்கு ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்; முதல் முறை வடிவது காய்ந்த மண்ணின் தாகத்தைத்தான் காட்டும். மண் ஆய்வாளர்கள் பரவலாகச் செய்யும் சோதனை இது. இதில் ஒரு குறையும் உண்டு. தண்ணீரை மெதுவாக ஊற்றுகிறோம், துளியின் அடி மண்ணில் விழுவதில்லை. ஆகவே வெற்று நிலத்துக்கு அது தகுதிக்கு மீறிய மதிப்பெண் கொடுத்துவிடும். பட்டஞ்செருச் செம்மண் வளையத்தில் ஒன்றும் வயலில் வேறொன்றும் சொன்னதற்கும் இதுவே விளக்கம். குறையைச் சரிக்கட்ட, ஒரே நிலத்தில் இரண்டு வளையங்கள் வைக்கலாம். இரண்டிலும் பூவாளியால் தலை உயரத்திலிருந்து தண்ணீர் பொழிய வேண்டும். ஒன்றின் மேல் மட்டும் ஒரு கைப்பிடி வைக்கோல் பரப்பியிருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன்பே வேறுபாடு தெரிந்துவிடும். வைக்கோலுக்கு அடியில் நிற்கும் தண்ணீர் ஏறக்குறையத் தெளிவாக இருக்கும், பக்கத்து வளையத்தில் அது காப்பி நிறத்துக்கு வந்திருக்கும்.